சோற்றை விட்டவள்

அவளைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் "தங்கமான பொம்பள" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதைக் கேட்டால் எனக்கு அப்போதும் வயிறு எரியும், இப்போதும் எரிகிறது. நானும் அவளும் ஒரே வாரத்தில் ஒரே கம்பெனி கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரே வரிசை வீடுகளில் பக்கத்துப் பக்கத்துக் குடித்தனம். காலையில் ஒரே கம்பெனி பஸ், பஸ்ஸில் ஒரே சீட். வயசுகூட ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் என்னை யாரும் பித்தளையான பொம்பளை என்றுகூடச் சொன்னது கிடையாது.

பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதிலும் அவளுக்கு ஒரு பெருமை சேர்ந்துவிடும்.

ஆள் ஒன்றும் பெரிய அழகி இல்லை. மாநிறம், குட்டையான கனத்த உடம்பு, அள்ளி முடிந்த கொண்டை. புருஷன் போய் ரொம்ப காலம் ஆகியிருந்தது. ஒரே மகளை வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்திருந்தாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு குணம்தான். இல்லாததைச் சொல்ல மாட்டாள். கேட்பதற்கு இது சாதாரணமாக இருக்கும். பக்கத்தில் குடியிருந்து பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய தொல்லை என்று தெரியும்.

நாமெல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை சொல்கிறோம்! சாப்பிட்டாயா என்றால் ஆச்சு என்கிறோம். கல்யாணத்துக்கு வா என்றால் கட்டாயம் வருகிறேன் என்கிறோம். அவள் சாப்பிடாவிட்டால் "இல்ல" என்பாள். போகப்போவதில்லை என்றால் பத்திரிகை வைக்க வந்தவன் முகத்துக்கு நேராகவே "என்னால வர முடியாது, இங்கேருந்தே ஆசீர்வாதம் பண்றேன்" என்பாள். அந்த ஆளும் கோபித்துக்கொள்ளாமல் காப்பி குடித்துவிட்டுப் போவான். நான் அப்படிச் சொல்லியிருந்தால் இரண்டு தலைமுறைக்குப் பேசமாட்டார்கள்.

ஒரு தீபாவளிக்கு நான் மயில்கழுத்துக் கலரில் சேலை எடுத்திருந்தேன். பஸ்ஸில் ஏறியதுமே ஆளாளுக்கு ஜோரு ஜோரு என்றார்கள். நான் இவளைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"ஒனக்கு எடுப்பா இல்லடி" என்றாள்.

"அய்ய, ஒனக்கு எது புடிச்சிது?"

"போன வருசத்து செவப்பு நல்லாருந்துச்சு."

அவ்வளவுதான். அந்த மயில்கழுத்தை அதற்கப்புறம் கட்ட மனசே வரவில்லை. சிவப்பைக் கிழியக் கிழியக் கட்டினேன். இதுதான் எனக்குத் தாங்காது. பஸ் முழுக்கச் சொன்ன நல்ல வார்த்தையை அவளுடைய ஒரு வார்த்தை தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

கேன்டீனிலும் அதே கதைதான். சாம்பாரில் உப்பில்லை என்று நான் சொன்னால் வாயாடி. அவள் சொன்னால் மாஸ்டர், அதாவது எங்கள் தலைமைச் சமையல்காரர், கரண்டியோடு ஓடிவந்து உப்புப் போடுவார். ஒரு நாள் மேனேஜரே சாப்பிட வந்து "எப்படிம்மா இருக்கு இன்னிக்கு?" என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம். இவள், "கூட்டு நேத்து மிஞ்சினது சார், வேணாம்" என்றாள். கேன்டீனைக் குத்தகைக்கு எடுத்திருந்த கான்ட்ராக்டர் முகம் சுண்டிப்போனது. மேனேஜர் என்ன செய்தார் தெரியுமா? அன்றிலிருந்து எப்போது வந்தாலும் இவளைக் கேட்டுவிட்டுத்தான் தட்டை எடுப்பார்.

அவள் ஒன்றை விட்டேன் என்றால் விட்டதுதான். வெற்றிலை பாக்கு போடுவாள், என்னைவிட அதிகமாகவே. ஒரு நாள் பஸ்ஸில் சுருக்குப்பையை என் மடியில் வைத்து, "இந்தா, இனிமே நான் போடல" என்றாள். சும்மா சொல்கிறாள், சாயங்காலம் கேட்பாள் என்று நான் இரண்டு வெற்றிலையை ஒதுக்கிவைத்தேன். கேட்கவே இல்லை. அந்தப் பையில் மிஞ்சியதெல்லாம் நான்தான் போட்டேன்.

1991. அந்த வருஷம் எங்கள் ஊர்ப்பெயர் எல்லாப் பேப்பரிலும் வந்தது. அதை விடுங்கள். நான் சொல்லவந்தது எங்கள் இரண்டு பேருக்கும் சர்க்கரை வந்ததைப் பற்றி.

கேன்டீன் ஆட்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை உடம்பு சோதிப்பார்கள். அதில் எங்கள் இருவருக்கும் சர்க்கரை என்று வந்தது. மாதாமாதம் தொழிலாளர் டிஸ்பென்சரிக்குப் போய் மாத்திரை வாங்கவேண்டும். அங்கே இருந்த டாக்டர் தலை நிமிர்ந்து ஆள் முகத்தைப் பார்த்து நான் பார்த்ததில்லை. சீட்டைப் பார்த்தே பேசுவார்.

"சோத்தக் கொறைங்க. இனிப்பு வாயிலயே வைக்கக்கூடாது. மாத்திரைய ஒரு நாளும் விடக்கூடாது. காலையில நாஷ்டாவுக்கு முன்னாடி போட்டுக்கணும். அடுத்தது!"

பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே, "சோத்த உட்டுடலாம்னு கீறேன்" என்றாள்.

"கொறைக்கத்தான சொன்னாரு?"

"கொறைச்சா நாக்கு இன்னும் கொஞ்சம் கேக்கும். உட்டுட்டா கேக்காது."

மறுநாளிலிருந்து விட்டுவிட்டாள். யோசித்துப் பாருங்கள், அவள் வேலையே சோறுதான். அண்டாவில் உலை வைப்பது, அரிசி போடுவது, கஞ்சி வடிப்பது, வரிசையில் வருகிற ஒவ்வொரு தட்டிலும் ஆவி பறக்கச் சோற்றைப் போடுவது. அத்தனை சோற்றையும் போட்டுவிட்டு, எங்களோடு உட்கார்ந்து ஒரு தட்டில் கீரையும் பொரியலும் அவித்த முட்டையும் வைத்துத் தின்பாள். மீன் இருந்தால் மீன். கடைசியில் ஒரு டம்ளர் மோர். ராத்திரிக்கு ஒரு கை வேர்க்கடலை. இட்லி, தோசை, பூரி எதுவும் கிடையாது. பொரியலில் உருளைக்கிழங்கு கிடந்தால் அதையும் ஓரத்தில் ஒதுக்கிவிடுவாள்.

நானும் விட்டுப் பார்த்தேன். பொய் சொல்வானேன், மத்தியானம்வரை தாங்கினேன். அப்புறம் கை தானாகவே அண்டா பக்கம் போய்விட்டது. சோறு இல்லாமல் எதைத் தின்றாலும் தின்ற மாதிரியே இல்லை. சரி, எனக்கு முடியவில்லை, இவளுக்கு மட்டும் எப்படி முடிகிறது? எங்கோ ஒளித்துத் தின்கிறாள் என்று முடிவு கட்டினேன். டிபன் பாக்ஸ் கழுவுகிற சாக்கில் அவள் பாக்ஸைத் திறந்து பார்த்தேன். ஸ்டோர் ரூமுக்குப் போனால் பின்னாலேயே போனேன். ராத்திரி நேரத்தில் அவள் வீட்டு அடுப்பிலிருந்து உலை கொதிக்கிற வாசனை வருகிறதா என்று சுவரோரம் நின்று மோந்தேன். ஒரு பருக்கைகூடக் கிடைக்கவில்லை. அந்த மாதிரி ஏமாற்றம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

அடுத்த மாதம் டிஸ்பென்சரிக்குப் போனோம். அப்போதெல்லாம் மூத்திரத்தில்தான் சர்க்கரை பார்ப்பார்கள். கம்பவுண்டர் ஒரு கண்ணாடிக்குழாயில் நீல மருந்து ஊற்றி, அதில் நாலு சொட்டு விட்டு, விளக்கில் காட்டிச் சூடு பண்ணுவார். சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சை, மஞ்சள் என்று மாறி, ரொம்ப இருந்தால் செங்கல் நிறத்துக்குப் போய்விடும். என் குழாயைக் கேட்கவே வேண்டாம், சூளையிலிருந்து அப்போதுதான் இறக்கின மாதிரி இருந்தது. அவளுடையது சுத்த நீலம். கம்பவுண்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் காட்டினார். "பாருங்கம்மா, இப்டி இருக்கணும்!" மூத்திரத்துக்குப் போய் ஒருத்தி மேல் பொறாமைப்பட்டவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

டாக்டர் சீட்டைப் பார்த்து முதலில் என்னைக் கேட்டார்.

"சோறு கொறைச்சியா?"

"நல்லா கொறைச்சிட்டேன் சார்."

"ம்." அரை மாத்திரை கூட்டி எழுதினார். அடுத்து அவள். "நீ? சோறு கொறைச்சியா?"

"கொறைக்கல சார். உட்டுட்டேன்."

டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். "எல்லாரும் அதான்ம்மா சொல்றீங்க. மாத்திரை தவறாம போடறியா?"

"போடறேன் சார்."

"நீலம் வந்துருக்கு. மாத்திரை நல்லா வேலை செய்யுது. இதையே கன்டினியூ பண்ணு."

அவ்வளவுதான் பேச்சு. அவளும் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. கேட்டதற்கு உள்ளதைச் சொல்லியாகிவிட்டது, அவளைப் பொறுத்தவரை அதோடு கணக்கு முடிந்தது.

நான் மட்டும் வெளியே வந்து கம்பவுண்டரைப் பிடித்தேன். மாத்திரையைக் கூட்டிவிட்டாரே, ஏதாவது ஆகிவிடப்போகிறது என்று பயம். அவர், "மாத்திரை போட்டுட்டு படபடன்னு வந்து வேர்த்து ஊத்திச்சுன்னா ஒரு வாய் சர்க்கரை போட்டுக்கம்மா, சரியாப்பூடும்" என்றார். அவள் அப்போது தண்ணீர்ப் பானைக்கிட்டே நின்றிருந்தாள், அவள் காதில் இது விழவில்லை. எனக்கு மட்டும் தேன் மாதிரி விழுந்தது. அன்றிலிருந்து எனக்கு வாரத்தில் ஏழு நாளும் படபடவென்று வந்தது. முந்தானையில் எந்நேரமும் ஒரு வெல்லக்கட்டி முடிந்தே இருக்கும்.

மாதம் போகப் போக அவள் இளைத்தாள். ரவிக்கையை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாள். கழுத்து தெரிந்தது, நடையில் ஒரு வேகம் வந்தது. கேன்டீனில் எல்லாப் பெண்களும் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, முட்டையை வேகவைத்தா, பொரித்தா என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். போதாததற்கு என் வீட்டுக்காரர். அதே கம்பெனி கேட்டில் வாட்ச்மேன்.

"அந்தம்மாவ பாத்தியா, பத்து வயசு கொறஞ்சாப்ல கீது" என்றார் ஒரு நாள்.

"நீ எதுக்கு அவள அப்டி பாக்குற?"

"கேட்டுல நிக்கிறவன் போறவங்க வர்றவங்கள பாக்காம ஆகாசத்தையா பாப்பான்?"

அன்றைக்கு ராத்திரி அவருக்குக் குழம்பில்லை, வெறும் மோர்ச்சோறுதான்.

இப்போது என் மருமகள் ஒரகடத்தில் கார்க் கம்பெனி ஆபீசில் இருக்கிறாள். அந்தக் காலத்தில் ஒரகடம் என்றால் ஒரு கூட்ரோடு, இரண்டு டீக்கடை. இப்போது அங்கே இருந்துகொண்டு இவள் காலிஃபிளவரைத் துருவி அதற்குச் சோறு என்று பெயர் வைத்துத் தின்கிறாள். லோ கார்ப் என்கிறாள். நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "மாத்திரை எதுனா போட்டுக்கினு கீறியா? டாக்டருக்கு சொன்னியா நீ சோத்த உட்டுட்டன்னு?" "இதுக்கெல்லாமா டாக்டர்கிட்ட போவாங்க அத்தை" என்று சிரித்தாள். அவளைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்ன கதைதான் இது.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் அன்றைக்கு வேலை கிடையாது, ஆனால் எல்லோரும் வருவார்கள். மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து வாழைக்கன்று கட்டி, பொரி கடலை கொடுப்பார்கள். கேன்டீனில் பாய்லருக்கும் கிரைண்டருக்கும் பூஜை. சர்க்கரைப் பொங்கல் நாங்கள் செய்யவேண்டும். ஒரு வழக்கம் உண்டு. கற்பூரம் காட்டிப் பூசணிக்காய் உடைக்கிறவரை கேன்டீனில் யார் வாயிலும் பச்சைத்தண்ணீர் படக்கூடாது. அன்றைக்குப் பார்த்து மெட்ராஸிலிருந்து வரவேண்டிய பெரிய முதலாளி வரவில்லை. இதோ வருகிறார், அதோ வருகிறார் என்று வெயில் ஏறிவிட்டது.

அவள் பஸ் ஏறும் முன்னாடியே மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். நான் பார்த்தேன். நான் போடவில்லை, தின்னாமல் எதற்கு மாத்திரை என்று முந்தானையில் வெல்லத்துக்குப் பக்கத்திலேயே முடிந்துகொண்டேன். "இன்னிக்கு நாஷ்டா லேட்டாவும்டி" என்றதற்கு, "மாத்திரைய உடக்கூடாதுன்னாரே" என்றாள்.

பொங்கல் வெந்து இறங்கியிருந்தது. வெல்லப்பாகு தனியாக ஒரு குண்டானில் வடிகட்டி ஆறிக்கொண்டிருந்தது. முதலாளி கார் கேட்டுக்குள் நுழைந்துவிட்டது என்று ஆள் ஓடிவந்து சொன்னான். மாஸ்டர் பதறினார்.

"பூசணிக்கா எங்க?"

"கேட்டுல வச்சிட்டேன்" என்றாள் அவள்.

பூசணிக்காய் அவள் காலடியிலேயே இருந்தது. குங்குமம் வைத்து, மேலே கற்பூரத்தோடு. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "பாருங்கடி! பொய் சொல்றா! கால்ல கீது, கேட்டுல வச்சிட்டேன்றா!" என்று கத்தினேன். எத்தனை வருஷம் காத்திருந்தேன் அதற்கு! அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுல வச்சிட்டேன்" என்று மறுபடியும் சொன்னாள். பார்வை என் மேல் இல்லை, எனக்குப் பின்னால் எங்கேயோ இருந்தது.

அப்போது மணியடித்தார்கள், கற்பூரம் ஏற்றினார்கள். அவள் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. முகத்தில் வேர்வை முத்து முத்தாக நின்று, ரவிக்கை தெப்பமாக நனைந்துபோனது. ஏதோ முனகினாள், தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள்.

"சாமி! சாமி வந்துடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான், கூட்டம் பிடித்துக்கொண்டது. ஒருத்தி வேப்பிலை ஒடித்து வந்தாள். ஒருத்தி மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து காலில் ஊற்றினாள். மாஸ்டர் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன்: சாமிகூட இவளுக்குத்தான் வருமா? நான் செவ்வாய் தவறாமல் அம்மன் கோயிலுக்கு விளக்குப் போடுகிறவள், நான் கண்ணுக்குத் தெரியவில்லையா?

"யாரும்மா நீ? எங்கேருந்து வந்துகிற?" என்று மாஸ்டர் கேட்டார். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "தாயே, எங்கள கம்பெனியில பர்மனென்ட் ஆக்குவாங்களா? ஒரு வாக்கு சொல்லு தாயே!"

"ஆவும்" என்றாள் அவள். "ஆவும், ஆவும்."

ஜனங்கள் அழுதுகொண்டே காலில் விழுந்தார்கள். அவள் வாயால் வந்த வார்த்தை, பொய்க்குமா?

எனக்குச் சுருக்கென்றது. இவள் தனக்குத் தெரியாததை ஆகும் என்று சொல்கிறவள் இல்லை. கடவுளே வந்து கேட்டாலும் "எனக்குத் தெரியாது சாமி" என்றுதான் சொல்வாள். வருஷக்கணக்கில் அவள் வாயையே பார்த்து வயிறெரிந்தவள் நான், எனக்குத் தெரியாதா? காலடியில் இருக்கும் பூசணிக்காயைக் கேட்டில் இருக்கிறது என்கிறாள். இது அவளும் இல்லை, அம்மனும் இல்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் கையைப் பிடித்தேன். அடுப்படி வெக்கையில் நிற்கிறவள் கை ஐஸாக இருந்தது. படபடன்னு வந்து வேர்த்து ஊத்திச்சுன்னா. கம்பவுண்டர் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

முந்தானை வெல்லத்தை அவிழ்த்து அவள் வாயருகில் கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"வேணாம். டாக்டரு... இனிப்பு... வாயில வைக்கக்கூடாது..."

செத்துக்கொண்டிருக்கிறாள், அப்போதும் டாக்டர் பேச்சைத் தட்ட மாட்டாள்! எனக்கு வந்ததே கோபம்! ஓங்கி ஒரு அறை விட்டேன். கூட்டம் "அய்யய்யோ" என்று அலறியது. அதைப் பார்க்க எனக்கு நேரமில்லை. பாகுக் குண்டானில் கையை விட்டேன். "நைவேத்தியம்டீ! சாமிக்குப் படைக்கல இன்னும்!" என்று மாஸ்டர் என் தோளைப் பிடித்து இழுத்தார். அவரை முழங்கையால் இடித்துவிட்டு, அவள் தாடையைப் பிடித்துத் திறந்து, பாகை விரலால் கன்னத்துக்குள் தடவினேன். நறுக்கென்று கடித்தாள். உயிர் போகிற வலி. எடுக்கவில்லை. "கடிடி, நல்லா கடி! ஆனா முழுங்கு!" என்று அழுதுகொண்டே கத்தினேன். கொஞ்சம் கொஞ்சமாக நாக்கு அசைந்தது, தொண்டை அசைந்தது. அப்புறம் டம்ளரில் கரைத்து ஊற்றினேன்.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. கண் என் முகத்துக்கு வந்தது.

"இன்னாடி எல்லாரும் என்ன சுத்தி நிக்கிறாங்க?" என்றாள்.

என் வீட்டுக்காரர் கம்பெனி வேனைக் கொண்டுவந்தார். ஊருக்குள் ஒரு கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றி, மாத்திரை உடம்பில் இன்னும் இருக்கும், மறுபடியும் இறங்கலாம் என்று சாயங்காலம்வரை படுக்கவைத்தார்கள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னது இதுதான்.

"எனக்கு ஒண்ணும் நெனப்பில்லடி."

நான் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறேன், நினைப்பில்லையாம்! நினைப்பில்லாததற்கு அவள் எப்படி நன்றி சொல்வாள்? சொல்லமாட்டாளே!

லீவு முடிந்து வேலைக்குப் போனால் கேன்டீனில் என்னிடம் ஒருத்தரும் பேசவில்லை. சாமியை அடித்தவள். நைவேத்தியத்தை எச்சில் பண்ணினவள். சர்க்கரை இறங்கிவிட்டது, உயிருக்கே ஆபத்து என்று நான் ஒவ்வொருத்தராகப் பிடித்துச் சொன்னேன். "ஆமா, இவ பெரிய டாக்டரு" என்றார்கள். "பொறாமை புடிச்சவ, நல்லது கண்டா பொறுக்காது" என்று என் காது படவே பேசினார்கள். மாஸ்டர், "நீ சமையக்கட்டு பக்கம் வராத, வெளிய தட்டு கழுவு" என்றுவிட்டார். அவளைப் போய்க் கேட்டிருக்கிறார்கள், சாமிதானே வந்தது என்று. "எனக்குத் தெரியாது" என்றாளாம். அந்தத் தெரியாதுக்கே ஆளாளுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அந்த வாரமே அவளை இழுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனேன். டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் அன்றைக்குத்தான் தலை நிமிர்ந்தார்.

"மெய்யாலுமே சோத்த விட்டுட்டியாம்மா நீ?"

"அப்பவே சொன்னேனே சார். நீங்கதான் சிரிச்சிங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "சிரிச்சிருக்கக்கூடாது" என்றார். "இங்க வர்றவங்க அத்தனை பேரும் கொறைச்சிட்டேன்னு சொல்லிட்டு முழுச்சோறும் திங்கிறாங்க. நானும் அந்தச் சோத்துக்குத் தகுந்த மாதிரியே மாத்திரை எழுதிப் பழகிட்டேன். நீ சோத்த நிறுத்திட்டு அதே மாத்திரையப் போட்டா, இருக்கிற சர்க்கரையையும் அது இறக்கிடும். நீலம்னா சர்க்கரை இல்லன்னுதான் தெரியும், எவ்ளோ கீழ போச்சுன்னு அதுல தெரியாது. நான்தான் தோண்டிக் கேட்டிருக்கணும்."

ரத்தம் எடுக்கச் சொன்னார். மாத்திரையை நிறுத்தினார். வாராவாரம் வந்து காட்டு, சாப்பாட்டில் எதை மாற்றினாலும் முதலில் என்னிடம் சொல், நீயாக மாத்திரையை விடவும் வேண்டாம், போடவும் வேண்டாம் என்றார். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள்? சாகப்பிழைக்கக் கிடந்துவிட்டு மாத்திரையே வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வருகிறாள் ஒருத்தி!

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ எப்படிம்மா? நெஜத்த சொல்லு, சோறு கொறைச்சிருக்கியா?"

நான் வாயைத் திறக்கும் முன் அவள் சொன்னாள், "இல்ல சார். அவ நல்லா துன்றா."

 பஸ்ஸில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். கம்பவுண்டர் என் விரலில் புதுசாகக் கட்டுப்போட்டிருந்தார். அவள் வழியெல்லாம் அந்த விரலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் நான் வெளியே குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மணி அடிக்கும் நேரம், கேன்டீன் ஆட்கள் எல்லோரும் வாசலில் நின்றிருந்தார்கள். அவள் நேராக என்னிடம் வந்து உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக் கட்டை அவிழ்த்தாள். "வலிக்குதுடி, உடு" என்றேன். விடவில்லை. காயத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பல் பதிந்த தடத்தில் நடுவில் ஒரு பல்லுக்கு இடம் காலியாக இருந்தது. தன் விரலால் தன் கீழ்வரிசைப் பல்லைத் தடவிப் பார்த்தாள். அங்கே ஒரு பல் விழுந்து வருஷங்கள் ஆகியிருந்தன. அப்புறம் என் விரலைத் தன் வாயில் வைத்து, வலிக்காமல், தடத்தின்மேல் பல்லைப் பொருத்திப் பார்த்தாள். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விரலை எடுத்தாள். எழுந்து அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"இது எம் பல்லுதான், இவ சொன்னது மெய்தான். அன்னிக்கு சாமியும் வரல ஒண்ணும் வரல. சோத்த உட்டுட்டு மாத்திரைய உடாம துன்னுகினு இருந்தேன், அதான் உயிரு போவ இருந்துச்சு. இவதான் காப்பாத்திகிறா."

யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒருத்தி "அய்யோ, அப்டியாக்கா" என்றாள். ஒருத்தி ஓடிப்போய் எனக்குக் காப்பி கொண்டுவந்தாள். மாஸ்டர் வந்து என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு, "உள்ள வாம்மா, கைய தண்ணில வைக்காத" என்றார். நானும் இதே வார்த்தையைத்தானே சொன்னேன்? தொண்டை கிழிய ஒவ்வொருத்தரிடமும் சொன்னேனே, ஒரு ஆளாவது நம்பினாரா?

அவள் சோற்று அண்டாவுக்குப் போய் மூடியைத் திறந்துவிட்டாள், வரிசை வந்துவிட்டது. நான் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அவள் செத்துப்போகாமல் அங்கே நிற்கிறாள் என்று பாதி அழுகை. மீதி முழுக்கப் பொறாமைதான்.